ராசப்பக் கவுண்டரின் தாடி

சங்ககிரிக் கோட்டை மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது கருக்கம்பாளையம். அந்த ஊரில் ராசப்பக் கவுண்டரின் தாடிக்கு மூன்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கலியாணம் ஆன மாதமே பழனிக்கு நேர்ந்துகொண்டார் என்று பெண்டுகள் சொன்னார்கள். சுயராஜ்யம் வந்தால்தான் எடுப்பார் என்று இளவட்டங்கள் சொன்னார்கள். அவர் மனைவி சௌந்திரத்துக்குத் தாடி வைத்த ஆண்களைப் பிடிக்கும் என்று சொன்னவர்கள், அவள் காதில் விழாத இடமாகப் பார்த்துச் சொன்னார்கள்.

மூன்றும் பொய். அது வெட்கத்தால் வளர்ந்த தாடி. பதினோரு வருஷம் அந்த வெட்கத்தை மோவாயில் தொங்கவிட்டுக்கொண்டு, பக்திமான் என்ற பேரையும் சும்மா வாங்கிக்கொண்டு திரிந்தார் மனிதர். காலேஜ் வரைக்கும் போனவர் என்பதால் ஊரில் 'காலேசுக் கவுண்டர்' என்று ஒரு பட்டம் வேறு. அந்தப் பட்டத்தைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அடக்கம் என்று நினைத்தார்கள். இந்தக் கதையில் அவரை அவன் என்றே சொல்லிவிடலாம். அதற்கு அவனே ஆட்சேபம் சொல்லமாட்டான்.

ராசப்பன் சேலத்துக் காலேஜில் இன்டர்மீடியட் சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றில். அவன் ஊரிலிருந்து காலேஜுக்குப் போன முதல் ஆள் அவன்தான். போன மூன்றாம் மாதமே கணக்கில் முழி பிதுங்கிவிட்டது. கணக்கு லெக்சரர் கைலாசம் எம்.ஏ. அவனை நிறுத்தி, "சாயங்காலம் வீட்டுக்கு வா" என்றார். செவ்வாய்ப்பேட்டையில் நெசவுக்காரர் ஒருவர் வீட்டின் பின்கட்டில் அவர் குடியிருந்தார். போன முதல் நாளே அவர் மனைவி ராசம்மாள் தட்டில் சோறு போட்டு முன்னால் வைத்துவிட்டாள். அதற்கப்புறம் வாரத்தில் நான்கு நாள் கணக்கும் சோறும் அங்கேதான். கைலாசம் பாடம் சொல்லும்போது குரலை உயர்த்தவே மாட்டார். தப்புப் போட்டால் பென்சிலை எடுத்து அவன் கையில் கொடுத்து, "எந்த இடத்துல வழி தவறினேன்னு நீயே தேடு" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொள்வார். அவன் கண்டுபிடித்த பிறகுதான் உள்ளே வருவார்.

முதல் வருஷப் பரீட்சைக்கு முன்னால் ராசப்பனுக்கு விஷக் காய்ச்சல் வந்தது. ஹாஸ்டலில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கைலாசம் குதிரை வண்டி வைத்துத் தம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இருபத்திரண்டு நாள் அந்தத் தம்பதிகள் அவனுக்குக் கஞ்சி கொடுத்தார்கள், உடம்பு துடைத்துவிட்டார்கள். காய்ச்சல் இறங்கியபோது தலைமயிர் சடை பிடித்துக் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கைலாசம் டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு சவரக் கத்தியை எடுத்துத் தீட்டினார். அவனைப் பலகையில் உட்கார வைத்து, கழுத்தில் துண்டைக் கட்டி, அரை நாழிகையில் தலையை மழித்துவிட்டார். எங்கும் ஒரு கீறல் இல்லை.

ராசப்பன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு அவரையே பார்த்தான்.

"எங்கப்பாவோட கத்தி" என்றார் கைலாசம். "பனமரத்துப்பட்டியில அவர்தான் குடிமகன், ஊருக்கே சவரம் பண்றவர். ஊர்க் கலியாணத்துல எல்லாம் வாழ்த்துப் பாடுவார். பக்கத்துல நின்னு நின்னு எனக்கும் முழுசா மனப்பாடம். காலேஜ்ல யாருக்கும் தெரியாது. நான் மறைக்கலே, யாரும் கேக்கவும் இல்லே. பிள்ளைன்னோ முதலியார்ன்னோ அவங்களாவே நினைச்சுக்கிட்டாங்க. ஒரு நாளைக்குச் சொல்லணும். சொல்றது நானா இருக்கணும்."

அவர் யாரென்று தெரிந்ததும் ராசப்பன் மனசில் முதலில் ஓடியது, 'இவங்க ஊட்டுச் சோத்தையா இத்தனை நாளாத் தின்னோம்' என்பதுதான். அப்படி நினைத்ததற்காக உடனே கூசிப்போனான். அன்று மத்தியானம் வேண்டுமென்றே இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். இத்தனை பேரில் தன்னிடம்தான் சொன்னார் என்று பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமை கொஞ்ச நாள் நிஜமாகவே இருந்தது.

மறு வருஷம், பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில், அப்பா சுப்பையக் கவுண்டர் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கலியாணம் வைத்தார். பெண் சௌந்திரம் சொந்தத்தில்தான். ராசப்பன் ஹாஸ்டல் சிநேகிதர்கள் நான்கு பேரைக் கூப்பிட்டான். கைலாசத்தையும் கூப்பிட்டான். அவர் தயங்கினார்.

"கிராமத்துக் கலியாணம். எனக்கு எதுக்குப்பா?"

"நீங்க வராம எனக்குக் கலியாணமே வேண்டாமுங்க சார்" என்றான் ராசப்பன். சொல்லும்போது கண் கலங்கிற்று. அந்தக் கண்ணீரை நம்பித்தான் அவர் வந்தார்.

காலையில் ரயிலில் இறங்கியவரைக் கூட்டிவர வில்வண்டி போயிருந்தது. கோட்டும் சரிகைத் தலைப்பாகையுமாக அவர் பந்தலுக்குள் நுழைந்ததும் சுப்பையக் கவுண்டரே எழுந்து போய், "வாங்க, வாங்க. எங்க பையனுக்குப் படிப்புச் சொல்லித் தாரவருங்க" என்று கும்பிட்டு, பந்தலில் இருந்த நாலைந்து நாற்காலிகளில் ஒன்றில் உட்கார வைத்தார்.

எங்கள் பக்கத்துக் கவுண்டர் கலியாணத்தில் ஒரு வழக்கம் உண்டு. சடங்குகளைப் பெரியவரான அருமைக்காரர் நடத்துவார். ஆனால் ஊர்க் குடிமகன் வந்து நின்று வாழ்த்துப் பாடினால்தான் அது கலியாணம். ஒவ்வொரு அடிக்கும் மத்தளத்தில் ஒரு தட்டு விழும். மற்ற நாளில் வாசலுக்கு வெளியே நிற்கிற மனிதனுக்கு அந்த ஒரு வேளை பந்தல் முழுதும் வாயை மூடிக்கொண்டு காது கொடுக்கும்.

கருக்கம்பாளையத்துக் குடிமகன் சடையன் முதல் நாள் சாயங்காலமே மாப்பிள்ளைக்கு முகம் மழித்துவிட்டுப் போயிருந்தான். விடிகாலையில் அவன் அண்ணன் செத்துப்போனான். தீட்டு வந்துவிட்டது, பந்தலில் கால் வைக்க முடியாது. சுற்று வட்டாரத்தில் இருந்த குடிமகன்கள் எல்லாம் அவன் பங்காளிகள், அவர்களுக்கும் தீட்டு. அந்தத் துக்கத்திலும் சடையன் பொறுப்பாகத் தாக்கல் சொல்லி அனுப்பியிருந்தான். 'மச்சினன் சங்ககிரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். அவனுக்குத் தீட்டு இல்லை. ஆள் ஓட்டியிருக்கிறேன், வந்துவிடுவான்' என்று.

மச்சினன் வரவில்லை. ராசப்பனும் சௌந்திரமும் மணவறையில் உட்கார்ந்தாகிவிட்டது. அருமைக்காரர் வெயிலைப் பார்த்தார். பெண்ணின் காலடி பட்ட நேரம் இப்படி ஒரு சாவு என்று யாரோ ஒரு கிழவி சொன்னது மணவறை வரைக்கும் கேட்டது. சௌந்திரம் தலை குனிந்தபடியே இருந்தாள். அவள் மடியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்ததை ராசப்பன் பார்த்தான். சுப்பையக் கவுண்டர் பக்கத்தில் வந்து குனிந்து, "மொகூர்த்தம் போகுதுடா. வாழ்த்து இல்லாம எப்படிடா தாலி கட்றது?" என்று பல்லைக் கடித்தார்.

ராசப்பன் வாயில் அது வந்துவிட்டது. "எங்க வாத்தியாரு அந்த வகைதானுங்கப்பா. அவருக்குப் பாட்டெல்லாம் தெரியுமுங்க."

சொன்ன மறு நொடியே அதைத் திரும்ப விழுங்கிவிட முடியாதா என்று இருந்தது. ஆனால் அப்பாவின் தோளைப் பிடித்து நிறுத்த அவன் கையை நீட்டவில்லை. அவர் நேரே நாற்காலிக்குப் போனார். காலையில் கும்பிட்ட கை இப்போது இடுப்பில் இருந்தது.

"ஏப்பா, நீ நம்ம குடிமகன் வகையாமா? மொதல்லயே சொல்றதுக்கென்ன? எந்திரி. வந்து வாழ்த்தப் பாடி உட்டுரு."

பந்தல் முழுதும் திரும்பிப் பார்த்தது. கைலாசம் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்கு யாருங்க சொன்னாங்க?"

"யாரு சொல்லோணும்? ராசப்பந்தான் சொன்னான்."

கைலாசம் மணவறையைப் பார்த்தார். ராசப்பன் தன் கையில் இருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே ஒரு தடவை தலை நிமிர்ந்து, 'வேண்டாமுங்க சார்' என்று உதடசைத்திருந்தால் போதும். அவன் அரிசியையே பார்த்தான். ஒவ்வொரு மணியாக எண்ணிவிடுகிறவன் மாதிரிப் பார்த்தான்.

கைலாசம் எழுந்தார். கோட்டைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்து, அதன் மேல் தலைப்பாகையை வைத்தார். மேல்வேட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு, குடிமகன் நிற்க வேண்டிய இடத்தில் போய் நின்றார். யாரும் காட்டவில்லை, இடம் அவருக்குத் தெரிந்திருந்தது. பாடினார். காலேஜில் உயராத குரல் அன்று உயர்ந்தது. ஒரு சொல் தடுமாறவில்லை. அடிக்கு ஒரு தட்டாக மத்தளம் விழுந்துகொண்டே இருந்தது. கருக்கம்பாளையத்தில் அப்படி ஒரு வாழ்த்தை யாரும் கேட்டதில்லை என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். ராசப்பனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தட்டு மட்டும் கேட்டது.

தாலி கட்டினான். வழக்கப்படி குடிமகனுக்குத் தட்டில் அரிசியும் தேங்காயும் வெற்றிலையும் வந்தன. கைலாசம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். திரும்பிப் பார்த்தபோது நாற்காலியில் பெண்ணின் மாமன் உட்கார்ந்திருந்தார். கோட்டும் தலைப்பாகையும் கீழே பாயில் கிடந்தன. முதல் பந்தியில் அவருக்கென்று சொல்லி வைத்த இலையில் வேறு யாரோ கை நனைத்தாயிற்று. வண்டி பூட்டச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் மணவறைக்குப் பக்கத்தில் வந்து, "நல்லா இருங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு, கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் பாதையில் நடந்தார். அந்த வாழ்த்தைச் சௌந்திரம் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். ராசப்பன் அப்போதும் தலை தூக்கவில்லை.

இரண்டாம் பந்தி நடக்கும்போது சடையனின் மச்சினன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்து சேர்ந்தான். இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் போதும் என்று அப்போதுதான் தெரிந்தது. "ஏண்டா இத்தனை நேரம்?" என்று அவனைத் திட்டிவிட்டுச் சோறு போட்டார்கள்.

பத்து நாள் கழித்து ராசப்பன் சேலம் திரும்பினான். ரயிலில் வரும்போதே, சாரின் காலில் விழுந்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தான். வகுப்புக்கு முன்னால் விழலாமா, பின்னால் விழலாமா என்பதுதான் பாக்கி. பின்னால் என்று வைத்துக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

கைலாசம் வந்தார், கரும்பலகையில் ஒரு கோடு போட்டார், ஒரு வாக்கியம் சொன்னார். பின் பெஞ்சில் யாரோ மேஜையை ஒரு தட்டுத் தட்டினார்கள். இன்னொரு வாக்கியம். இன்னொரு தட்டு. கலியாணத்துக்கு வந்த நான்கு சிநேகிதர்களும் சும்மா இருக்கவில்லை என்று ராசப்பனுக்குப் புரிந்தது. மூன்றாவது தட்டுக்கு வகுப்பே சிரித்தது. முன் வரிசையில் இருந்தவன் திரும்பி ராசப்பனைப் பார்த்துக் கண்ணடித்தான். எல்லார் கண்ணும் அவன் மேல் இருந்தது.

ராசப்பன் சிரித்தான். லேசாகத்தான், உதடு மட்டும்தான். பயத்தில் வந்த சிரிப்பு என்று சொல்லலாம். கரும்பலகையிலிருந்து திரும்பிய கைலாசத்துக்கு அது வெறும் சிரிப்பாகத்தான் தெரிந்திருக்கும். அவர் ஒரு கணம் அவனைப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார். மணி அடிக்கிற வரைக்கும் வாக்கியத்துக்கு ஒரு தட்டு விழுந்தது. அவர் ஒரு வாக்கியத்தைக்கூடக் குறைத்துக்கொள்ளவில்லை.

அன்று மத்தியானமே ராசப்பன் பெட்டியைக் கட்டிவிட்டான். பரீட்சை எழுதவில்லை. "படிச்சது போதும், பண்ணையம் பாக்க ஆளு வேணும்" என்று அப்பாவுக்குச் சந்தோஷம்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள், தீட்டெல்லாம் கழிந்து சடையன் கத்திப் பெட்டியோடு வாசலுக்கு வந்தான். கூடவே பத்து வயசு மகன் மாரியப்பனும் வந்திருந்தான். ராசப்பன் மோவாயில் தண்ணீர் தடவிக்கொண்டே சடையன் ஆவலாகக் கேட்டான்.

"ஏனுங்க சாமி, கலியாணத்துல நம்மாளு ஒருத்தரு கோட்டுப் போட்டுக்கிட்டு வந்து பாடினாராமுங்களே? காலேசுல இருக்கறவராமா? நெசமுங்களா?"

"ம்."

"வாத்தியாருங்களா?"

ராசப்பன் மனசுக்குள் அந்தப் பந்தல், அந்த நாற்காலி எல்லாம் வந்து நின்றன. வாத்தியார் என்று சொன்னால், வாத்தியாரையா அப்படிச் செய்தீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். "வாத்தியாரெல்லாம் இல்லே சடையா. அங்க மணியடிக்கற ஆளு" என்றான்.

சடையன் "அப்படிங்களா" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டான். "இல்லீங்க சாமி, இந்தப் பையன் அஞ்சாவதுல மொதலா வந்திருக்கறானுங்க. சங்ககிரிப் பெரிய பள்ளிக்கொடத்துல சேத்துன்னு வாத்தியாரு உசுர வாங்கறாரு. நம்மாளுக படிச்சாலும் மேல ஏதாச்சும் கெடைக்குமுங்களா?"

"மணியடிக்கற வேலை கெடைக்கும்" என்றான் ராசப்பன். அந்தப் பேச்சை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பில்தான் சொன்னான். கத்தி மோவாயைத் தொட்டதும் அந்த ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பலகை, கழுத்தில் கட்டிய துண்டு எல்லாம் நினைவு வந்தன. "வேண்டாம், போ. பழனிக்கு நேந்திருக்கறேன்" என்று எழுந்துவிட்டான். அன்று ஆரம்பித்தது தாடி.

வருஷங்கள் போயின. ராசப்பன் கடலை போட்டான், மஞ்சள் போட்டான், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன் ஆனான். கைலாசத்தைப் பற்றி அங்கங்கே காதில் விழும். நெசவுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். அடுத்த வீட்டிலும் ஆறு மாதம்தானாம். காலேஜில் கூட வேலை பார்க்கிறவர்கள் சிலர் தண்ணீர்ப் பானையை மாற்றி வைத்துக்கொண்டார்களாம். கேட்டுவிட்டு ராசப்பன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டான். மூன்றாம் நாள் சாப்பிடுவான். கடிதம் எழுத உட்கார்ந்த நாட்களும் உண்டு. 'மகா ராஜராஜ ஸ்ரீ' என்று தொடங்கி அந்த ஒரு வரியோடு கிழித்துப் போட்டான். சௌந்திரம் ஒரு தடவை, "அந்த வாத்தியாரைப் போய் ஒருக்காப் பாத்துட்டுத்தான் வாங்களேன்" என்றாள். அவள் மேல் எரிந்து விழுந்தான். ஒரு சமயம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் கடலை மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போது, அதே கோட்டு கடைவீதியில் வருவதைக் கண்டான். மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். மண்டிக்காரர், "என்னங்க கவுண்டரே, வயித்தக் கலக்குதுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றான்.

நாற்பத்தாறாம் வருஷம் மாசி மாதத்தில் ஒளிய முடியாமல் போயிற்று. அதே மண்டி வாசலில், கையில் காய்கறிப் பையோடு நரைத்த மனிதர் ஒருவர் அவன் முன்னால் வந்து நின்றார்.

"ராசப்பன்தானே?"

ராசப்பன் அவர் காலைத் தொடக் குனிந்தான். கைலாசம் நகர்ந்துகொண்டார்.

"கடைவீதியில இதெல்லாம் வேண்டாம். நல்லா இருக்கியா? சம்சாரம், குழந்தைங்க?"

"இருக்கறாங்க சார். சார், நான் அன்னைக்கு உங்கள அந்தப் பந்தல்ல நிக்க வெச்சுப் பாட வெச்சது..."

"பாடினதுல எனக்கு என்ன கொறச்சல்?" என்றார் கைலாசம். குரல் உயரவில்லை. "எங்கப்பா பாடின பாட்டு. அன்னைக்கு அந்தப் பொண்ணு அழுததை நானும்தான் பாத்தேன். நீ என்னைக் கூப்பிட்டு, சார், இப்படி ஒரு இக்கட்டு, பாடறீங்களான்னு கேட்டிருந்தா எழுந்து வந்து சந்தோஷமாப் பாடியிருப்பேன். கேட்டிருக்கலாம். அதுக்கு ஒரு வாய் வார்த்தை போதும். நீ என்னைக் கேக்கலே. உங்கப்பாகிட்டச் சொன்னே."

ராசப்பன் கடலை மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இந்தப் பதினோரு வருஷத்தில் தன் தப்பு இன்னது என்பதுகூடத் தனக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

கைலாசம் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். "தாடி என்ன, வேண்டுதலா?"

"இல்லீங்க சார். அன்னையில இருந்து... கத்திய மொகத்துல வெக்க மனசு வரலீங்க. ஊருல பழனிக்குன்னு சொல்லி வெச்சிருக்கறேன்."

"அப்ப ஊருக்கு நிஜத்தை இன்னும் சொல்லலேன்னு சொல்லு" என்றார் கைலாசம். "வெட்கப்பட்டதுக்கும் ஊர்ல நல்ல பேர் வாங்கியிருக்கே." திட்டுகிற மாதிரி இல்லை. கணக்கில் வழி தவறிய இடத்தைப் பென்சிலால் தொட்டுக் காட்டுகிற மாதிரி இருந்தது. பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "வரேன்" என்று நடந்தார். கூட்டத்தில் அவர் முதுகு மறைகிற வரைக்கும் ராசப்பன் பார்த்துக்கொண்டே நின்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் சடையனைக் கூப்பிட்டு அனுப்பினான். "ஊட்டுக்கு வாரனுங்க சாமி" என்றதற்கு, "வேண்டாம், சாவடிக்கு வா" என்றான். ஊர்ச் சாவடியில் அந்த நேரத்துக்கு ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கிழவராகிவிட்ட சுப்பையக் கவுண்டரும் இருந்தார். சாவடியின் அந்த மூலையில் மாரியப்பன் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். இருபத்தொரு வயசு ஆளாகியிருந்தான். தகப்பனைவிடக் கை சுத்தம் என்று பேர்.

"நேத்திக்கடன் முடிஞ்சுதுங்களா சாமி?" என்று சடையன் சிரித்துக்கொண்டே கத்தியைத் தீட்டினான்.

"நேத்திக்கடனே இல்லே சடையா" என்றான் ராசப்பன்.

சொல்ல ஆரம்பித்தான். காய்ச்சலில் கிடந்ததை, இருபத்திரண்டு நாள் அவர்கள் கையால் குடித்த கஞ்சியை, அவர் தன் தலையை மழித்ததை, தன்னை நம்பிச் சொன்னதை, மணவறையில் தான் அப்பாவிடம் சொன்னதை, வகுப்பில் சிரித்ததை, எல்லாம் சொன்னான். வலது கன்னம் முடிந்தபோது பந்தல் வரைக்கும் வந்திருந்தான். "அதெல்லாம் எதுக்குடா இப்ப? எந்திரிச்சு ஊட்டுக்கு நட" என்று சுப்பையக் கவுண்டர் தடியைத் தட்டினார். பாதித் தாடியோடு எழுந்து எங்கே போவது? போகிற எண்ணமும் அவனுக்கு இல்லை. ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். இன்னொருவர் போனார். சடையன் கேட்டுக்கொண்டே கத்தியை ஓட்டினான்.

கடைசியில் ராசப்பன் சொன்னான்: "அவரு வாத்தியாரு சடையா. பேரு கைலாசம். எம்.ஏ. படிச்சவரு. இன்னைக்கும் அதே காலேசுலதான் பாடம் சொல்றாரு."

கத்தி தொண்டைக்குப் பக்கத்தில் நின்றது.

"மணியடிக்கறவருன்னு சொன்னீங்களே சாமி."

"பொய் சொன்னேன்."

சடையன் கத்தியைத் துண்டில் துடைத்தான். துடைத்ததையே மறுபடியும் துடைத்தான். "நீங்க சொன்னதக் கேட்டுத்தானுங்க பையனப் பள்ளிக்கொடத்துக்கு அனுப்பாம உட்டேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, யாரிடமும் சொல்வது போலவும் இல்லை. "பந்தல்ல இருந்தவங்க வாத்தியாருன்னுதான் சொன்னாங்க. காலேசுக் கவுண்டரே இல்லேன்னுட்டாரு, அப்பறம் என்னத்துக்குன்னு."

ராசப்பன் சடையனுக்கு வெட்கப்பட்டான், அப்பாவுக்கு வெட்கப்பட்டான், சாவடித் தூணுக்கு வெட்கப்பட்டான். மூலையில் மாரியப்பன் வேலையை நிறுத்தியிருந்தான். அவன் காதில் எல்லாம் விழுந்திருந்தது. கத்தியை மடக்கிப் பெட்டியில் வைத்துவிட்டு எழுந்து வந்து, ராசப்பனுக்கு முன்னால் நின்றான்.

"அவரைப் போய்ப் பாக்கோணுமுங்க" என்றான். "அவரு ஊடு எங்கீங்க இருக்குது?"

ராசப்பன் வாயைத் திறந்தான். செவ்வாய்ப்பேட்டையில் அத்தனை நேரம் எதிரில் நின்று, தன் பெண்டாட்டி பிள்ளைகளை விசாரித்த மனிதரிடம், இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள் என்று அவன் கேட்கவில்லை.